ஓடி வருபவர்களுக்கான பலகை

அண்ணி ஊர்ப் பெரிய மருத்துவமனைக்கு வரைந்து கொடுத்த வழிகாட்டிப் பலகைகளைப் பார்த்து வாய் பிளக்காதவர்கள் இல்லை. அவசர சிகிச்சைப் பிரிவுக்கு, கண்ணாடியில் வார்த்ததைப் போல ஒரு சிவப்பு இதயம். மேலே பளபளப்பு, கீழே நிழல், சுற்றிலும் பொன்னிறக் கொடிகள். மருத்துவமனை இயக்குநருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அங்கேயே நர்ஸாக இருந்த நாத்தனாருக்கும் பெருமைதான், ஒரு மாலைவரை.

அன்று வேலை முடிந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்றாள்.

"அண்ணி, சொன்னா கோச்சுக்கக் கூடாது. மூச்சுத் திணறுற குழந்தையைத் தூக்கிட்டு ஒருத்தர் ஓடி வந்தாரு. உங்க இதயத்தைப் பார்த்துட்டு, இது நெஞ்சுவலிக்காரங்க வர்ற இடம்னு நெனச்சு மாடிக்கு ஓடிட்டாரு. நான்தான் பின்னாலயே ஓடிப் புடிச்சேன்."

"குழந்தை?"

"பொழச்சுக்கிச்சு."

"எழுத்து இருக்கே, படிக்க வேண்டியதுதானே?" வெடுக்கென்று கேட்டுவிட்டாள் அண்ணி. கேட்டதுமே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை நுழைவாயிலில் போய் நின்றாள். அங்கே யாரும் படம் பார்க்க வரவில்லை. ஒருவர் கண்ணில் நீர் முட்டிக்கொண்டிருந்தது. இன்னொருவர் மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். சிலருக்குப் பலகையில் எழுதியிருந்த மொழியே தெரியவில்லை.

வீடு திரும்பி, ஒவ்வொன்றாக எடுத்தாள். கொடிகள் போயின. பளபளப்பு போனது. நிழலை எடுக்கத்தான் மனசே வரவில்லை, பார்த்துப் பார்த்துப் போட்டது. அதையும் எடுத்தாள். கடைசியில் இதயத்தையே தூக்கிப் போட்டாள். மிஞ்சியது தட்டையான ஒரு சிவப்புப் பரப்பு. அதன்மேல் கட்டிலில் படுத்த ஒரு வெள்ளை உருவத்தையும் தடித்த ஓர் அம்புக்குறியையும் மட்டும் வரைந்தாள்.

இயக்குநர் முகத்தைச் சுளித்தார். "என்னம்மா இது? என் பேரனே போட்டுடுவான் போலிருக்கே!"

"சோம்பேறித்தனம்னு நெனச்சுடாதீங்க சார். அந்தக் காலத்துல சுவரொட்டி அடிக்கிறவங்க ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியா அச்சேத்தணும். அதனால ரெண்டு மூணு நிறத்தோட நிறுத்திக்கிட்டாங்க. பார்த்தா, தெருவுல போறவங்க கண்ணுல அதுதான் டக்குன்னு பட்டுச்சு. அப்புறம் பல பாஷைக்காரங்க வந்துபோற ரயில் நிலையம், விமான நிலையம்னு எல்லாரும் அந்த வழிக்கே வந்துட்டாங்க. கொஞ்சமா இருந்தா கண்ணு கெட்டியா புடிச்சுக்கும்."

"சரி, ஒரு வாசல்ல மட்டும் மாட்டிப் பார்ப்போம்," என்றார் அரை மனதோடு.

மாட்டினார்கள். அந்த வாசலில் ஓடி வந்தவர்கள் நின்று திருதிருவென விழிக்கவில்லை. ஓட்டத்தைக் குறைக்காமலே சரியான பக்கம் திரும்பினார்கள். வழி சொல்லிச் சொல்லி வறண்ட தொண்டைக்கு இப்போதுதான் ஓய்வு என்றாள் நாத்தனார். இயக்குநரும் ஒருநாள் படியோரம் நின்று கவனித்தார். "மத்த மாடிக்கும் இதே மாதிரி போட்டுடும்மா," என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிரசவப் பிரிவுக்கான பலகைதான் அண்ணியைப் பாடாய்ப் படுத்தியது. வரைவதும் கசக்கிப் போடுவதுமாக இருந்தாள். கடைசியில் பெரிய வட்டம் ஒன்று, அதற்குள் சின்ன வட்டம் ஒன்று. அந்தப் பிரிவுக்கே போய், காத்திருந்த நிறைமாதப் பெண் ஒருத்தியிடம் அதை நீட்டினாள். அவள் தாளைப் பார்த்தாள். பிறகு குனிந்து தன் வயிற்றைப் பார்த்தாள்.

"இது நான்தானே?" என்று சிரித்தாள். "ஆனா எனக்கு உள்ள ரெண்டு இருக்குங்க!"