நீக்கு

பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பு மேசை என்னுடையது. வருகிறவர்களிடம் பெயர் கேட்டு டோக்கன் கொடுப்பேன். அடுத்த மாதத்திலிருந்து அவர்களே ஒரு டேப்லெட்டில் பெயர் பதிந்துகொள்ளும் செயலியை விலைக்கு வாங்கப் போவதாக டாக்டர் சொன்னார். “அப்புறம் உனக்கு இங்க என்னம்மா வேலை?” என்று அவர் கேட்கவில்லை. கேட்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

“எதுக்கு டாக்டர் வாங்கணும்? நானே செஞ்சு தர்றேன்.”

என் வாய்க்கு மூளையிடம் அனுமதி கேட்கும் பழக்கமில்லை. டாக்டர் இரண்டு மாதம் கொடுத்தார். செயலி ஓடினால் அதைப் பார்த்துக்கொள்ள நான் இருப்பேன். ஓடாவிட்டால் நானும் ஓட வேண்டியதுதான்.

கடைக்குப் போய் எழுநூறு பக்கத்துக்கு ஒரு புத்தகம் வாங்கி வந்தேன். என் கொழுந்தன் மென்பொருள் கம்பெனியில் இருக்கிறார். புத்தகத்தின் கனத்தைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“அண்ணி, ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. சந்தேகம்னா என்னைக் கேளுங்க.”

செத்தாலும் கேட்பதில்லை என்று முடிவு செய்தேன்.

நோயாளிகள் வராத நேரங்களில், பெரிய பதிவேட்டுக்குள் புத்தகத்தை வைத்துப் படித்தேன். அதை எழுதிய மனிதருக்கு “இது மிக எளிது” என்று சொல்லாமல் ஒரு பாடத்தைத் தொடங்கத் தெரியாது. அவர் எளிது என்றால் எனக்கு மூன்று நாள் போச்சு என்று அர்த்தம். படத்தில் இடது பக்கம் இருக்கும் பொத்தான் என் திரையில் எங்குமே இருக்காது. ஒரே ஒரு அரைப்புள்ளியை விட்டுவிட்டு ஒரு வாரம் அழுதேன். உண்மையாகவே அழுதேன்.

ஒன்பதாவது பாடத்தில்தான் விடிவு வந்தது. காய்கறி வாங்கப் பட்டியல் போடும் செயலி. காயின் பெயரை எழுதி ‘சேர்’ என்பதை அழுத்தினால் பட்டியலில் ஏறும். ‘நீக்கு’ என்பதை அழுத்தினால் எழுதிய பெயர் அழிந்துபோகும். கத்தரிக்காய் இருந்த இடத்தில் நோயாளியை உட்கார வைத்தேன். மற்றதையெல்லாம் புத்தகத்தில் உள்ளபடியே விட்டுவிட்டேன். சொந்தப் புத்தியைக் காட்டினால் எங்கே கம்ப்யூட்டர் பிழை என்று சிவப்பு எழுத்தில் திட்டுமோ என்று பயம்.

சோதனை ஒரு செவ்வாய்க்கிழமை நடந்தது. செவ்வாய் எங்களுக்குப் பல் எடுக்கும் நாள்.

“நீ யாருக்கும் சொல்லித்தரக் கூடாது. உள்ள போய் எக்ஸ்ரே ஃபைலை அடுக்கு. எல்லாம் தானா நடக்குதான்னு பாப்போம்” என்றார் டாக்டர். பட்டியல் வந்து விழும் இன்னொரு டேப்லெட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குள் போனார்.

இரண்டு மணி நேரம் ஃபைல் அடுக்கினேன். ஒரு சத்தமும் இல்லை. ஆகா, என்ன அமைதியாக ஓடுகிறது என்று பூரித்துப் போய் வெளியே எட்டிப் பார்த்தேன். கன்னத்தைப் பிடித்தபடி ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒன்பதாவது ஆள் என் கொழுந்தன்.

“தம்பி! நீங்க எங்க இங்க?”

“கடவாப்பல்லு அண்ணி. ஒம்பதரைக்கே பேரைப் போட்டுட்டேன். யாரையுமே கூப்பிடல.”

“எதை அழுத்தினீங்க?”

“நீக்குன்னு இருந்துச்சே, அதைத்தான். பல்லை நீக்கத்தானே வந்திருக்கேன்?”

பக்கத்து நாற்காலி அம்மா தலையாட்டினார். “நானும் அதைத்தாம்மா அழுத்தினேன். சேர்னு இருந்ததை எதுக்கு அழுத்தணும்? இருக்கிற பல்லே போதும்.”

ஒன்பது பேரும் தங்களைத் தாங்களே அழித்துவிட்டு, நல்ல பிள்ளைகளாக உட்கார்ந்திருந்தார்கள். கம்ப்யூட்டர் படித்தவரே அழித்துக்கொண்டதை நினைத்துச் சிரிப்பு முட்டியது. வேலை போகப் போவதை நினைத்து அழுகையும் வந்தது. இரண்டும் ஒரே சமயத்தில் வந்தால் விக்கல்தான் வரும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

மடிக்கணினியைத் திறந்தேன். ‘நீக்கு’ போய் ‘எடு’ என்று போடலாமா? ஐயோ, அது இன்னும் மோசம். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, அந்தப் பொத்தானில் ‘நான் வீட்டுக்குப் போறேன்’ என்று அடித்தேன். சிவப்பு எழுத்து வரவில்லை. ஒன்பது பேரும் மறுபடி பெயர் போட்டார்கள், எட்டுப் பேர் பட்டியலில் ஏறினார்கள். கொழுந்தன் ஊசியின் நீளத்தைக் கதவிடுக்கில் பார்த்துவிட்டுப் புதுப் பொத்தானை அழுத்தியிருந்தார். செயலி சரியாக வேலை செய்தது.

கடைசி ஆள் போனதும் டாக்டர் என்னைக் கூப்பிட்டார். உட்காராமல் நின்றுகொண்டே கேட்டேன்.

“காலையில லிஸ்ட்ல ஒருத்தர்கூட வரல.”

“தப்பு என்னோடது டாக்டர்.”

“பதினோரு வருஷத்துல முதல் தடவையா, இந்த நாற்காலியில சாஞ்சு தூங்கினேன்.” கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். “மாசத்துக்கு ஒரு செவ்வாய், அந்தப் பழைய பொத்தானைத் திரும்பப் போட முடியுமா?”

“முடியும் டாக்டர். ஆனா அதைப் போடவும் எடுக்கவும் வெளிய ஒரு ஆள் உக்காந்திருக்கணுமே” என்றேன்.