பல்லக்கா எழுந்த விதம்

1

இந்தக் கதை என் உடைந்த முன்பல்லில் தொடங்கியது. நிறம் பார்த்து கேப் செய்ய வேண்டும் என்று மருத்துவர் என்னை கிளினிக்கின் பின்னால் இருந்த லேபுக்கு அனுப்பினார். பிளாஸ்டர் தூள் பறக்கும் சின்ன அறை. மேசை முழுக்க வாயில்லாத பற்கள். அங்கே பல் செய்கிற பெண்மணி நாற்காலியிலிருந்து எழுந்த விதம் கண்ணில் பட்டது. இரண்டு கையும் மேசையில், ஒரு மூச்சு, அப்புறம் மொத்த உடம்பையும் இடது காலில் ஏற்றி ஒரு தள்ளு. நான் கவனித்ததை அவரும் கவனித்துவிட்டார்.

"இடுப்பெலும்பு உடைஞ்சு ஒட்ட வச்சது. இப்போ பரவாயில்லை. போன மாசம் காட்டுக்குக்கூடப் போயிட்டு வந்தேன்."

"காட்டுக்கா?"

"வாயை மூடாதீங்க, நிறம் தெரியலை."

மீதிக் கதையை வாயைத் திறந்தபடியேதான் கேட்டேன். குறுக்கே ஒரு கேள்வி கேட்க வழியில்லை.

[நேரில் அவர் 'அவங்க'. கதைக்குள் வந்ததும் 'அவள்'. சம்மதம் வாங்கியாயிற்று. பெயர் வேண்டாமாம், கிளினிக்கில் எல்லோரும் கூப்பிடுகிற 'பல்லக்கா' போதுமாம்.]

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: 'காடு அவளை அழைத்தது. அவள் காயங்களின் ஆழத்தில் எங்கோ ஒரு'

கேப் பொருத்தப் போன அன்று வாசித்துக் காட்டினேன். "காடு யாரையும் கூப்பிடாதுங்க. நானாத்தான் போனேன்," என்றாள். அடித்துவிட்டேன்.

அடுத்து விபத்து. பாறை உச்சியிலிருந்து விழுந்தாள் என்று எழுதக் கை துறுதுறுத்தது. நடந்தது வேறு. காட்டில் ஒரு முள்கூட ஏறாத அவள் காலை, மளிகைக் கடை வாசலில் பின்னால் நகர்ந்த தண்ணீர் லாரி சுவரோடு வைத்து நசுக்கியது. இடுப்பும் வலது தொடையும் போயின. தூக்கிக்கொண்டு ஓடியவர்களிடம், "பல்லக்காவுக்கு இன்னைக்குப் பல்லக்கு," என்று அவளே சொன்னாளாம். [எனக்குச் சந்தேகம்தான். பிற்பாடு சேர்த்துக்கொண்ட ஜோக்காக இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.]

அதற்கு முன்பெல்லாம் மாதம் ஒருமுறை தனியாகக் காட்டுக்குப் போவாள். கத்தி, தார்ப்பாய், கயிறு, ஒரு பாத்திரம். தார்ப்பாய் கட்டுவாள், விறகைச் சீவித் தீ மூட்டுவாள், ஓர் இரவு தூங்கிவிட்டுத் திரும்புவாள். "அங்க போய் என்னதான் பண்ணுவே?" என்று கணவர் கேட்பார். "ஒண்ணும் பண்ண மாட்டேன். அதுக்கே பொழுது சரியாப் போயிடும்," என்பாள்.

3

முதல் வரைவில் கணவரை வில்லனாக்கியிருந்தேன். அவள் ஊன்றுகோலை விட்ட வாரமே அவர் காட்டுப் பையைத் தூக்கிப் பரணில் வைத்துவிட்டார். 'போகாதே' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளால் ஏணி ஏற முடியாது, அவ்வளவுதான்.

ஆனால் இதே மனிதர்தான் மாதக்கணக்கில் அவளைக் குளிப்பாட்டினார். தலை பின்னக் கற்றுக்கொண்டார் (வகிடு கோணல்தான்). பள்ளி வேன் ஓட்டுகிறவர், பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு போன் போட்டு, "எந்திரிச்சியா? நடந்தியா?" என்று கேட்டார். இவரை வில்லனாக வைத்தால் கதை நொண்டும். ஆகவே இவர் பயந்துபோன மனிதர். அது போதும்.

பையை இறக்கியது அவருடைய தங்கை. ஓட்டுநர் பள்ளியில் கார் ஓட்டச் சொல்லித்தருகிறவள். மரம் என்றால் வண்டி நிறுத்த நிழல் தருவது. அதற்கு மேல் மரத்தைப் பற்றி அவளுக்குக் கருத்துக் கிடையாது.

"நானும் வருவேன் அண்ணி. பொழுது சாயறதுக்குள்ள திரும்பிடணும். அட்டை இருந்தா நான் கார்லயே உக்காந்துப்பேன்."

"அட்டை காருக்குள்ளயும் வரும்."

"நானே பாதி மனசோடதான் சொல்லியிருக்கேன். அதையும் கெடுத்துக்காதீங்க."

நாத்தனார் பரணில் கைவிட்டுத் துழாவியபோது ஏணியை ஆடாமல் பிடித்துக்கொண்டவர் கணவர்தான்.

4

தார்ப்பாய் கட்டும்வரை எல்லாம் சரியாகத்தான் போனது. கை முடிச்சை மறக்கவில்லை. அதற்கப்புறம்தான் அவளுக்கு உறைத்தது: காட்டில் எல்லா வேலையும் தரையில். ஆஸ்பத்திரியில் கட்டிலிலிருந்து எழுவதற்கும் நாற்காலியிலிருந்து எழுவதற்கும் பழக்கியிருந்தார்கள். தரையிலிருந்து எழுவதற்கு யாரும் பழக்கவில்லை. அவள் தரையில் உட்கார்ந்தே ஒரு வருடத்துக்கு மேலாகிறது.

கொஞ்ச நேரம் தனியாக இருக்க வேண்டும் போலிருந்தது. ஓடையில் தண்ணீர் பிடித்துவரச் சொல்லி நாத்தனாரை அனுப்பினாள். சீவிய விறகுச் சுருளில் பொறி விழுந்தது. புகைந்தது. நின்றுகொண்டு ஊத முடியாது. யோசிக்காமல் மண்டியிட்டாள், முழங்கையை ஊன்றினாள், ஊதினாள். பிடித்துக்கொண்டது.

எழ முடியவில்லை.

'அப்போது வானம் இருண்டு' என்று எழுதினேன். இல்லை, வெயில் நன்றாகவே அடித்தது. 'சருகுக்குள் ஏதோ சரசரவென்று' என்று எழுதினேன். ஓர் ஓணான்கூட வரவில்லை. எழுத்தாளருக்கு ஒத்தாசையாக அங்கே எதுவுமே நடக்கவில்லை. ஒரு பெண் கிடந்தாள், ஒரு சின்னத் தீ எரிந்தது.

கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில்தான் ஓடை. அவள் கூப்பிடவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"கூப்பிட்டா ஓடிவந்து தூக்கிடுவா. தூக்கிட்டா அதோட சரி. அப்புறம் எப்பவும் யாராவது கூட வந்தாகணும்."

முதலில் அழுதாள். பிறகு தார்ப்பாய்க் கயிற்றை எட்டிப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். தார்ப்பாய்தான் தொய்ந்தது. புரண்டு உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்து மரத்தடிக்குப் போனாள். அடிமரத்தில் முதுகைக் கொடுத்து இடது காலை ஊன்றி உந்தினாள். சரிந்தாள். குதிகாலால் மண்ணில் குழி பறித்து, அதில் காலை முட்டுக்கொடுத்து மறுபடி உந்தினாள். மரப்பட்டை முதுகைச் சிராய்த்தது. விரல் விரலாக ஏறி, கடைசியில் நின்றாள்.

நிமிர்ந்தால் எதிரே நாத்தனார், கையில் பாத்திரத்தோடு.

"எப்போ வந்தே?"

"நீங்க அழும்போதே."

"பார்த்துக்கிட்டா நின்னே? ஏன் கிட்ட வரலை?"

"நீங்க கூப்பிடலையே அண்ணி."

குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் நாத்தனாருடைய வலது செருப்பு மண்ணில் ஆழமாகப் புதைந்திருந்தது. பயிற்சிக் காரில் சொல்லித்தருகிறவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அங்கே நின்ற நேரமெல்லாம் அவள் கால் அதைத்தான் அழுத்திக்கொண்டிருந்திருக்கிறது.

டீ போட்டார்கள். நாத்தனார் நின்றுகொண்டே குடித்தாள். [அட்டைக்குப் பயந்தா, அண்ணிக்குத் துணையாகவா? நான் தீர்மானிக்கவில்லை.]

5

அன்று மாலை இடுப்புக்குத் தைலம் தேய்க்கும்போது கணவர் சிராய்ப்பைப் பார்த்தார். அவள் எதையும் மறைக்கவில்லை. அழுததையும் சொன்னாள். அவர் கை நின்றது. பிறகு சிராய்ப்பை விட்டுச் சுற்றிலும் மெதுவாகத் தேய்த்தது.

"வலிச்சுதா?"

"வலிச்சுது."

"மறுபடி போவியா?"

"போவேன்."

"தனியாவா?"

அவர் அவளுக்குப் பின்னால் இருந்தார். முகம் தெரியவில்லை.

இங்கே அவள் ஒரு பதில் சொன்னாள். எனக்குத் தெரியும். அது தெரிவதற்குமுன் நானாக இரண்டு விதம் எழுதிப் பார்த்திருந்தேன். 'தனியாத்தான்' என்று போட்டால் கதை நெஞ்சை நிமிர்த்துகிறது. 'நீங்களும் வாங்க' என்று போட்டால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறது. இரண்டும் என் சௌகரியத்துக்கு. உண்மைப் பதிலைப் போட அவள் விடவில்லை.

"எழுதிட்டீங்கன்னா அதுபடியே நடந்தாகணும். நாளைக்கு இந்த இடுப்பு என்ன சொல்லுமோ. வாயால சொன்னது வாயோடவே இருக்கட்டும்."

ஆகவே பதில் உங்களுடையது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவளுக்காகப் பேசுவதற்கு முன் தரையில் உட்காருங்கள். வலது காலை நீட்டியே வைத்துக்கொண்டு, எதையும் பிடிக்காமல் எழுந்து பாருங்கள். எழுந்த பிறகு சொல்லுங்கள்.