கதவுக்கு வெளியே நின்ற வண்டி

இரும்புக் கம்பியின் முதல் அடி அவசர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவில் விழுந்தது. இரண்டாவது அடி தங்கையின் தாடையில் விழுந்தது. கண்ணாடி சடசடவென்று கொட்டியது, எலும்பு ஒரே ஒரு தடவை நொறுங்கியது. தங்கை கத்தக்கூட இல்லை. சுவரோடு சரிந்து உட்கார்ந்து, வாயிலிருந்து விழுந்த இரண்டு பற்களை உள்ளங்கையில் ஏந்தி, இவற்றை எங்கே வைப்பது என்று கேட்பவள் போல அக்காவைப் பார்த்தாள்.

அடித்தவனுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். வெளியே நின்ற ஆம்புலன்ஸிலிருந்து குளுக்கோஸ் பாட்டில் மாட்டும் கம்பியை உருவிக்கொண்டு வந்திருந்தான். "எத்தனை தடவை கேட்டேன்! கால்ல விழுந்து கேட்டேனே!" என்று அலறிக்கொண்டே பதிவு மேசைக் கணினியை அடித்தான், மருந்து வண்டியை அடித்தான், குறுக்கே வந்த உதவியாளரின் தோளை அடித்தான். பாதுகாவலர்கள் மூன்று பேர் அவனைக் கீழே தள்ளினார்கள். ஒருவர் கழுத்தில் முழங்காலை வைத்து அழுத்த, மற்ற இருவரும் விலாவில் மிதித்தார்கள். மூச்சுக்குத் தவித்த வாயில் இரத்தம் நுரைத்தது.

போதும், விடுங்கள் என்று அக்கா சொல்லவில்லை. மிதிக்கட்டும், நன்றாக மிதிக்கட்டும் என்றுதான் நினைத்தாள். கூடப் பிறந்தவளின் இரத்தம் முழங்கை வரை வழியும்போது யாருக்கு நியாயம் ஞாபகம் வரும்?

அவசர சிகிச்சை மருத்துவமனைகளின் சங்கத்துக்கு அவள் செயலாளர். இருபது வருடம் நர்ஸாக நின்று கால் நரம்பு புடைத்தவள். நாற்பத்து மூன்று மருத்துவமனைகளுக்காக அமைச்சகத்தின் படியேறி இறங்கி, முட்டி மோதி, நான்கு மணி நேர விதியை வாங்கிக் கொடுத்தவள். உள்ளே வந்த நோயாளியை நான்கு மணி நேரத்துக்குள் பார்த்து முடித்து வார்டுக்கோ வீட்டுக்கோ அனுப்பிவிட வேண்டும். நோயாளி கதவைத் தாண்டிய நிமிடத்திலிருந்து கணக்கு.

நல்ல விதிதான். ஆனால் கதவைத் திறந்தால்தானே கணக்கு ஓடும்? படுக்கை நிரம்பிய நாட்களில் கதவைச் சாத்தி வைத்தார்கள். நோயாளி ஆம்புலன்ஸிலேயே கிடப்பான். உள்ளே வந்தபின் சட்டென்று பார்த்து முடித்துவிடுவார்கள், அறிக்கை அழகாக இருக்கும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நர்ஸாக இருந்தவளுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் மூன்று பயிற்சி வகுப்புகளில் இந்த மருத்துவமனையைத்தான் முன்மாதிரி என்று மேடையேற்றினாள்.

அன்று நண்பகலில் அமைச்சகத்து ஆட்கள் அந்த முன்மாதிரியைப் பார்க்க வருவதாக இருந்தது. ஏற்பாட்டைச் சரிபார்க்கப் பத்து மணிக்கே அவள் வந்துவிட்டாள். படுக்கை ஒன்றும் காலியில்லை. வெளியே ஒரு ஆம்புலன்ஸ், அதில் நெஞ்சுவலியோடு ஒரு பெரியவர். மகன் கண்ணாடியைத் தட்டிக்கொண்டே இருந்தான்.

அந்தப் பிரிவின் தலைமை நர்ஸ் அவள் தங்கைதான். பத்தரைக்கு ஓடி வந்தாள்.

"அக்கா, ஒன்பது நாப்பதுலேர்ந்து வண்டியிலயே கிடக்கார், பெரியவருக்கு வேர்த்துக் கொட்டுது. நடைபாதையிலயாவது படுக்க வச்சுப் பாத்துடறேன்."

"நடைபாதையில கட்டில் போட்டா வர்றவங்க கண்ணுல அதுதாண்டி படும். ஒரு படுக்கை காலியாகட்டும், பத்து நிமிஷம் பொறு."

"பொறுக்கிற கேஸ் இல்லக்கா இது."

"எனக்கே பாடம் எடுக்கிறியா? பொறுன்னா பொறு."

சின்ன வயதிலிருந்து அக்கா பேச்சைத் தட்டாதவள். கதவுப் பொத்தான் வரை போன கையைத் தங்கை இழுத்துக்கொண்டாள். பத்து நிமிடம் ஐம்பது நிமிடமானது. அதற்குப் பிறகுதான் கம்பி வந்தது.

மகனை மிதித்துக்கொண்டிருந்தபோதே ஆம்புலன்ஸ் ஓட்டுநர் உடைந்த கதவு வழியே தலையை நீட்டி, "பெரியவர் போயிட்டாருங்க" என்றார். அவர் சொன்னதை மகன் கேட்கவில்லை. அதற்குள் அவன் நினைவிழந்திருந்தான்.

விலா உடைந்த மகன் கதவுக்கு உள்ளே கிடந்தான் அல்லவா, அதனால் அவனுக்குக் கணக்கு ஓடத் தொடங்கியது. ஒன்பதே நிமிடத்தில் மருத்துவர் வந்தார். படுக்கைகூடக் கிடைத்தது, கையைக் கட்டில் கம்பியோடு விலங்கிட்டார்கள். அப்பன் வந்ததற்கோ பதிவேட்டில் ஒரு வரிகூட இல்லை.

இன்ஸ்பெக்டர் வருவதற்குள் தலைமை மருத்துவர் அவளை ஓரமாக அழைத்துப் போனார்.

"பதினொன்னேகாலுக்குத்தான் வந்தாங்க, வந்ததும் ரகளை பண்ணிட்டான்னு சொல்லிடுங்க. ஓட்டுநர்கிட்ட நான் பேசிக்கறேன். நம்ம பதிவுல வேற நேரமே இல்லையே."

"ம்."

"உங்க தங்கச்சி தாடைய உடைச்சவம்மா அவன். பாவம் பாக்காதீங்க. இது வெளிய தெரிஞ்சா நாப்பத்து மூணு ஆஸ்பத்திரியும் நாறிடும்."

அவள் தங்கையிடம் போனாள். அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்தவளின் முகம் ஒரு பக்கம் கறுத்து வீங்கி, கண் மூடியிருந்தது. தாடையைச் சுற்றிக் கட்டுப் போட்டிருந்தார்கள். "அவன சும்மா விடமாட்டேண்டி" என்றாள் அக்கா. தங்கை விரலால் காற்றில் எழுதுவது போலக் காட்டி, தாளும் பேனாவும் வாங்கி ஒரே ஒரு சொல் எழுதினாள். 'பெரியவர்?'

அக்கா இல்லை என்று தலையை ஆட்டினாள். தங்கையின் கையைப் பிடிக்கப் போனாள். தங்கை கையை உருவிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். தங்கையின் தாடையில் கம்பி விழுந்தபோதுகூட அக்காவுக்கு இப்படி வலிக்கவில்லை.

அடுத்த அறையில் இன்ஸ்பெக்டர் அந்த மகனிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். இவளைக் கண்டதும் அவன் எழப் பார்த்து, விலா வலியில் முனகிப் படுத்தான்.

"அந்த சிஸ்டர் எப்படிம்மா இருக்காங்க? தப்புதான், கண்ணு மண்ணு தெரியல." மூச்சு வாங்கினான். "அதுக்கப்புறம் அப்பாவ உள்ள எடுத்துட்டாங்கல்ல? கதவுதான் உடைஞ்சுடுச்சே. அவர் பொழச்சா போதும், நான் எத்தனை வருஷம்னாலும் ஜெயிலுக்குப் போறேன்."

யாரும் அவனிடம் சொல்லியிருக்கவில்லை. வாசலில் தலைமை மருத்துவர் வந்து நின்று அவளையே பார்த்தார்.

"நீங்க சொல்லுங்கம்மா. இவங்க எத்தனை மணிக்கு வந்தாங்க?" என்று இன்ஸ்பெக்டர் அவளிடம் கேட்டார்.

"ஒன்பது நாப்பதுக்கு வண்டி வந்து நின்னுச்சு. என் தங்கச்சி கதவத் திறக்கப் போனா. வேணாம்னு தடுத்தது நான்."

"அம்மா, கொஞ்சம் யோசிச்சு..." என்று மருத்துவர் உள்ளே வந்து அவள் கையைப் பிடித்து இழுத்தார். அவள் உதறிவிட்டு மகன் பக்கம் திரும்பினாள்.

"அப்பா வண்டியிலயே இறந்துட்டாருப்பா. உள்ள எடுக்கவே இல்ல."

கட்டில் கிறீச்சிட்டு நகர்ந்தது. விலங்கு மணிக்கட்டைக் கிழிக்க, எழும்பியவன் விலங்கில்லாத கையால் அவள் தலைமுடியைப் பற்றி இழுத்துக் கட்டில் கம்பியில் மோதினான். ஒரு தடவை, இன்னொரு தடவை. புருவம் பிளந்து இரத்தம் கண்ணில் இறங்கியது. அவள் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. இன்ஸ்பெக்டர் பாய்ந்து அவன் விரல்களைப் பிரித்தெடுத்தபோது அவன், "அப்பா, அப்பா" என்று குழந்தை மாதிரி ஊளையிட்டுக்கொண்டிருந்தான்.

"இதையும் சேத்துப் புகார் எழுதிக்கவாம்மா?" என்றார் இன்ஸ்பெக்டர், மூச்சு வாங்கிக்கொண்டே.

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மொதல்ல நான் சொன்னத எழுதுங்க சார்."