இறக்கைக்குப் பின்னால் மூன்றாவது ஜன்னல்

சிவப்புச் சட்டையின் காலரை ஜோனலின் இரண்டாம் முறை தேய்த்துக்கொண்டிருந்தபோது அத்தை வந்து இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள்.

"யாருக்குடி இது?"

"அப்பாவுக்கு."

"உனக்கென்ன பைத்தியமா? செத்தவங்களுக்கு யாராவது செவப்பு போடுவாங்களா? துக்க வீட்டுக்குள்ளயே அந்தக் கலர் வரக்கூடாது."

பெலிசா அத்தை அப்பாவுக்கு மூத்தவள். சாவு வீட்டில் எதெல்லாம் கூடாது என்பது அவளுக்கு அத்துப்படி. எது கூடும் என்று கேட்டால்தான் கொஞ்சம் யோசிப்பாள். கையில் ஒரு மெல்லிய வெள்ளைச் சட்டை வைத்திருந்தாள். அப்பா கல்யாணத்துக்குப் போட்டது. இருபத்து மூன்று வருடத்தில் அவர் போட்டிருந்த சதைக்கு அது முதுகில் கிழித்தால்தான் ஏறும்.

"அம்மா வந்து பாக்கும்போது அப்பா இதுலதான் இருக்கணும் அத்தை."

"உங்கம்மா வர இன்னும் மூணு நாள் இருக்கு. அதுவரைக்கும் என் தம்பி சட்டை இல்லாம கெடப்பானா? இதைத் தேய்."

ஜோனலின் தேய்த்தாள். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். அம்மா அப்பாவைக் கடைசியாகப் பார்ப்பது சிவப்புச் சட்டையில் இருக்க வேண்டும். அதைச் சொல்லிப் புரியவைக்க அவளுக்குத் தெம்பில்லை.

முந்தின நாள் மதியம் சந்தை வாசலில், வரிசையில் நின்ற தன் மூன்று சக்கர வண்டியிலேயே அப்பா டியோஸ்கோரோ செத்துப்போயிருந்தார். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்ததால் தூங்குகிறார் என்று நினைத்து மற்ற வண்டிக்காரர்கள் அவர் முறையைத் தாண்டிப் போனார்கள். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. மடியில் வரைகிற நோட்டு விரிந்து கிடந்தது. பென்சில் காதிலேயே இருந்தது.

"பிளேன் வரையற அசதியில தூங்கிட்டான்னு நெனச்சோம்மா" என்று அவர்களில் ஒருவன் வந்து ஜோனலின் முன்னால் தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றான். அவள் அவனைக் கோபித்துக்கொள்ளவில்லை. அவளே வீட்டில் எத்தனையோ முறை அப்படி நினைத்துக் கடந்து போயிருக்கிறாள்.

சட்டைக் கதை பதினொரு வருடத்துக் கதை. அம்மா ரெமெடியோஸ் ஹாங்காங்கில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போன முதல் நாள், அப்பா ஜோனலினைக் கூட்டிக்கொண்டு விமான நிலைய ஓடுபாதை வேலிக்குப் போய் நின்றார். அவர்கள் ஊரான மக்தான் தீவில் பாதி வீடுகளுக்கு அந்த வேலிதான் கொல்லைப்புறம். அன்றைக்கு அவர் தற்செயலாகச் சிவப்புச் சட்டை போட்டிருந்தார். சாயங்காலம் அம்மா போன் செய்து, "உன்னைப் பாத்தேன், வேலி கிட்ட செவப்பா நின்னே. எனக்கு இறக்கைக்குப் பின்னாடி மூணாவது ஜன்னல்" என்றாளாம். இதை அப்பா ஊர் முழுக்கச் சொன்னார். அதன்பிறகு அம்மா ஒவ்வொரு லீவு முடிந்து கிளம்பும்போதும் அந்தச் சட்டை, அந்த வேலி. சட்டை நைந்தபோது அதே சிவப்பில் இன்னொன்று வாங்கினார். அம்மா பார்க்கிறாள் என்பதை வைத்துக்கொண்டு அந்த மனிதர் ஒரு வருடத்தை ஓட்டிவிடுவார்.

சவ அலங்காரக் கடையில் வெள்ளைச் சட்டையைக் கொடுத்துவிட்டு ஜோனலின் நகராமல் நின்றாள். அங்கே இருந்த பெரியவர் அவள் பையை எட்டிப் பார்த்தார்.

"செவப்பா?"

"அத்தை கூடாதுன்னுட்டாங்க."

அவர் கொஞ்ச நேரம் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "செத்தவங்களுக்கு ஷூ போட மாட்டோம். கால்மாட்டுல எடம் காலிதான். பெட்டியோட கீழ்ப்பாதி மூடியை இனிமே யாரும் தெறக்க மாட்டாங்க. நான் டீ குடிச்சிட்டு வர்றேன்."

அவர் போனதும் அவள் சட்டையை நான்காக மடித்து அப்பாவின் வெறுங்கால்களுக்குப் பக்கத்தில் வைத்தாள். அம்மா பார்க்க முடியாவிட்டாலும் அவரோடு போகட்டும். அப்பாவின் கால் குளிர்ந்திருந்தது. நர்ஸிங் படிக்கிற பெண்ணுக்கு அது புதிதில்லை என்று அவள் நினைத்திருந்தாள். தப்பு.

வீட்டு முன்னறையில், முகம் தெரிய மேல்பாதியில் கண்ணாடி போட்ட பெட்டியை வைத்தார்கள். தெருவில் தார்ப்பாய் கட்டி மேஜை போட்டார்கள். சீட்டாட்டம், காப்பி, பிஸ்கட், வேர்க்கடலை. ஜெபமாலை சொல்லும்போது விமானம் போனால் எல்லோரும் குரலை உயர்த்துவார்கள், போனதும் தாழ்த்துவார்கள். இந்தத் தெருவில் பிறந்தவர்களுக்கு அது தானாக வரும்.

இரண்டாம் நாள் பஞ்சர் கடை டமாசோ வந்து உட்கார்ந்தார். அப்பாவுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதர். நோட்டை வாங்கி முதல் பக்கத்தைப் பிரித்ததுமே சிரித்துவிட்டார்.

"இந்தச் சக்கரத்தைப் பாரு, லாரிக்குப் போட்ட மாதிரி. இதுக்கு நான்தான் காரணம்."

"நீங்களா மாமா?"

"மூணு வருஷம் முன்னாடி. ஜூன் மாசம், செம மழை. உங்கம்மாவை ஏர்போர்ட்டுல விட்டுட்டு வேலிக்குப் பறந்து வந்தான். என் கடை வாசல்ல டயர் படார்னு போச்சு. நான் ஒட்டி முடிக்கறதுக்குள்ள பிளேன் எங்க தலைக்கு மேல போயிருச்சு. மேல மழைக்கோட்டு, கையில டியூபு, அண்ணாந்து பாத்துட்டே நின்னான். மறுநாள் வந்து, டமாசோ, பிளேன் வரையணும்னா எங்கேந்து ஆரம்பிக்கணும்ங்கறான். பஞ்சர் ஒட்டறவன்கிட்ட."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"டயர்லேந்துன்னு சொன்னேன்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ஜோனலினும் சிரித்தாள். டமாசோ சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

நோட்டில் நாற்பத்தாறு விமானங்கள் இருந்தன. முதல் பத்தும் மீன்கள்தான். "அப்பா, இதைப் பொரிச்சா வீட்டுக்கே காணும்" என்று அவள் கிண்டல் செய்திருக்கிறாள். பிறகு அவள் போனில் ஒரு வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டார். யாரோ ஒருவரின் இரண்டு கைகள் மட்டும் வரையும். "நிறுத்து, நிறுத்து" என்பார். அவள் நிறுத்துவாள். முதலில் மெலிதாக ஒரு நடுக்கோடு. அதன்மேல் உடம்பு. கிட்டே இருக்கிற இறக்கை நீளம், தள்ளி இருக்கிறது குட்டை. இந்தக் குட்டையை ஒப்புக்கொள்ளவே அவருக்கு ஆறு மாதம் ஆனது. "ரெண்டு இறக்கையும் ஒரே அளவுதானடி, ஒண்ணை எப்படிக் குறைக்கறது?" என்று கேட்பார். என்ஜினுக்குக் காசை வைத்து வட்டம் போட்டவர், சாய்த்துப் பார்த்தால் வட்டம் முட்டையாகிவிடும் என்று ஒருநாள் தானே கண்டுபிடித்துத் தெருவெல்லாம் காசைச் சாய்த்துக் காட்டினார். மூக்கு மட்டும் கடைசிவரை வரவில்லை. அழித்து அழித்து எல்லா மூக்கிலும் தாள் மெலிந்திருந்தது.

எல்லாம் முடிந்த பிறகு, இறக்கைக்குப் பின்னால் மூன்றாவது ஜன்னலை அழுத்திக் கறுப்பாக்குவார். அதற்கென்று தனியாக ஒரு மெத்துப் பென்சில் வைத்திருந்தார். அன்றைக்கு வண்டியில் வரைந்த கடைசி விமானத்தில் மட்டும் ஜன்னல்கள் எல்லாம் வெள்ளையாக இருந்தன.

நான்காம் நாள் மதியம் அம்மா வந்தாள். உருட்டுப் பெட்டியை வாசலிலேயே விட்டுவிட்டு நேராக உள்ளே போனாள். குனியப் போனவளை அத்தை தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"கண்ணாடி மேல கண்ணீர் விழக்கூடாது ரெமி. அவன் போற வழி கனமாயிடும்."

"தெரியும் அக்கா."

அம்மா ஒரு அடி பின்னால் நகர்ந்து, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தாள். தொடாதே என்று எழுதிப்போட்ட கடையில் நிற்கிறவள் மாதிரி இருந்தாள். அழவில்லை. ஜோனலினுக்கு அது ஆத்திரமாக இருந்தது. இத்தனை வருடம் வேறு வீட்டில் அடக்கமாக இருந்து பழகி, சொந்த வீட்டிலும் அப்படியே நிற்கிறாள்.

"வெள்ளைச் சட்டை நல்லாருக்கு" என்றாள் அம்மா.

கால்மாட்டில் இருப்பதைச் சொல்ல வாயெடுத்தாள் ஜோனலின். அத்தை பக்கத்திலேயே நின்றாள். காப்பி கலக்கப் போய்விட்டாள்.

சாயங்காலம் அம்மா நோட்டைப் பக்கம் பக்கமாகப் பார்த்தாள்.

"எல்லாத்துலயும் ஒரு ஜன்னல் ஏன் கறுப்பா இருக்கு?"

"அது நீதான்."

அம்மா அந்த ஜன்னல்மேல் கட்டைவிரலை வைத்தாள். எடுத்தபோது விரலில் கரி ஒட்டியிருந்தது. துடைக்கவில்லை. அந்த விரலோடுதான் காப்பி குடித்தாள், வந்தவர்களுக்குக் கை கொடுத்தாள்.

"நல்லா வரையறாரே" என்றாள் பிறகு.

"மூக்குதான் வரலை."

ஐந்தாம் நாள் பூசை முடிந்து கல்லறைக்குக் கொண்டுபோனார்கள். கீழ்ப்பாதி மூடியை யாரும் திறக்கவில்லை. ஏழாம் நாள் காலை அம்மா பெட்டியைக் கட்டினாள்.

"ஒம்பது நாள் ஜெபம் முடியறதுக்குள்ளயா?" என்றாள் அத்தை. "செத்தவனுக்கு ரெண்டு நாள் கூட இருக்க முடியலையா?"

"நாலு நாள்தான் குடுத்தாங்க அக்கா."

வண்டிக்குக் காத்திருக்கையில் ஜோனலின் மெதுவாகக் கேட்டாள். "இங்கேயே இருந்துடேன் அம்மா."

"உனக்கு இன்னும் ஒரு வருஷம் படிப்பு இருக்கு."

"நான் நிறுத்திக்கறேன்."

"அடிப்பேன்." அம்மா அவள் முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். ஏர்போர்ட் வாசலில் இறங்கும்போது, "அப்பா சட்டையைப் போட்டுக்கிட்டு வேலி கிட்ட போய் நில்லு. நான் பாக்கறேன்" என்றாள்.

ஜோனலின் தலையை ஆட்டினாள். வேறென்ன செய்வது? மண்ணுக்குள் போனதை எப்படிப் போட்டுக்கொள்வது?

துக்கத்துக்குப் போட்ட கறுப்புக் கவுனிலேயே வேலிக்குப் போனாள். இன்னும் ஒரு வருடத்துக்கு அவளுக்கு அதுதான் நிறம். அப்பா நிற்கிற இடத்தில் புல் தேய்ந்து மண் தெரிந்தது. விமானம் ஓடி வந்து எழும்பியது. ஜன்னல்கள் பொடிப்பொடியாக ஓடின. இறக்கையைப் பார்ப்பதற்குள் வால் வந்துவிட்டது. இருந்தும் கையை ஆட்டினாள்.

மதியம் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோது போன் ஒலித்தது. அம்மாவிடமிருந்து செய்தி.

"இறங்கிட்டேன் கண்ணு. உன்னைப் பாத்தேன். செவப்புச் சட்டை நல்லா தெரிஞ்சுது. அப்பா நிக்கற மாதிரியே இருந்தது."

ஜோனலின் இரண்டு தடவை படித்தாள். குனிந்து தன் கறுப்புக் கவுனைப் பார்த்தாள். "பொய் சொல்லாத அம்மா. அந்தச் சட்டை" என்றுவரை அடித்தாள். விரல் நின்றது.

மூன்று வருடத்துக்கு முந்தின ஒரு ஜூன் சாயங்காலம் நினைவுக்கு வந்தது. வெளியே இன்னும் மழை. அவள் இதே மேஜையில் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அப்பா தலை நனைந்து வந்து போனை எடுத்தார். "தெரிஞ்சுதா? இவ்வளவு மழையிலயுமா?" என்றார். துண்டை எடுத்துத் தலையைத் துடைத்தார். பிறகு, "நானும் பாத்தேன் ரெமி. மூணாவது ஜன்னல். கையை ஆட்டினேனே, பாத்தியா?" என்றார். போனை வைத்துவிட்டு, "உன்கிட்ட பழைய பென்சில் ஏதாவது இருக்காடி?" என்று கேட்டார்.

அன்றைக்குப் பஞ்சர் கடையில், மழைக்கோட்டில், டியூபைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவர்.

அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டுதான் நாற்பத்தைந்து ஜன்னல்களைக் கறுப்பாக்கியிருக்கிறார். ஏழு நாளாக வராத அழுகை அப்போது வந்தது. குனிந்து அழுதாள். கண்ணாடி எதுவும் இல்லாததால் யாரும் தோளைப் பிடித்து நிறுத்தவில்லை.

பக்கத்து அறையிலிருந்து அத்தை, "சோறு ஆறுது" என்றாள்.

"சாப்பிடறேன் அத்தை."

அடித்ததை ஜோனலின் ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள். "நானும் உன்னைப் பாத்தேன் அம்மா. மூணாவது ஜன்னல். நீ கையை ஆட்டினே" என்று எழுதி அனுப்பினாள்.

பிறகு தட்டைத் தள்ளி வைத்துவிட்டு நோட்டைத் திறந்தாள். அப்பாவின் பிளேடால் மெத்துப் பென்சிலைச் சீவினாள். கடைசி விமானத்தில் இறக்கையிலிருந்து எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. கோட்டுக்கு வெளியே போகாமல் மெதுவாகக் கறுப்பாக்கினாள். வீட்டுக்கு மேலே ஒரு விமானம் போனது. அது போய் முடிகிறவரை பென்சிலைத் தூக்கிப் பிடித்திருந்துவிட்டு, மிச்சமிருந்த ஒரு மூலையையும் நிரப்பினாள்.