இருபத்தொரு நிமிடம்

கம்பெனி கேட்டில் கார்டைத் தேய்த்தால் திரையில் முகம் வரும். கீழே ‘நன்றி’ என்று எழுத்து வரும். இரண்டு வினாடி. அன்றைக்கு இசக்கியப்பனின் முகமும் அப்படித்தான் வந்தது. வேலைக்குச் சேர்ந்த நாளில் எடுத்த படம், பல்லெல்லாம் தெரிய. “சீக்கிரம் வாலே” என்று வனமாமலை அந்தப் படத்திடம் சொல்லிவிட்டுக் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடினான். பக்கத்து சீட்டில் கைக்குட்டை போட்டு இடம் பிடித்தான். பஸ் கிளம்பும்வரை இசக்கி வரவில்லை.

அங்கே அது வழக்கம்தான். ஷிஃப்ட் முடிந்ததும் கேட்டில் கூட்டம் நெருக்கும். முந்தி ஓடுகிறவன் கூட்டாளியின் கார்டையும் வாங்கிக்கொண்டு போய்த் தேய்ப்பான். மற்றவன் லோடு வண்டி போகும் வழியில் வந்து சேர்வான். பிடிபட்டால் இரண்டு பேருக்கும் வேலை போகும். யாரும் பிடிபட்டதில்லை.

அன்று இரண்டு மணிக்கு இசக்கி நெஞ்சைத் தடவிக்கொண்டு வந்தான். “எரியுது மக்கா. ரேக்குக்குப் பின்னால செத்த உக்காந்துட்டு வாரேன். கார்டைப் போட்டுரு.” அடுத்த ஷிஃப்ட் ஆட்கள் சாயங்காலம் அவனை அங்கேதான் பிணமாகப் பார்த்தார்கள். கம்பெனி ஊருக்குச் சொன்ன தகவல் வேறு. வேலை முடிந்து வெளியே போன ஆள், ரோட்டில் விழுந்துவிட்டான், கேட்டில் பதிவு இருக்கிறது.

பத்து நாள் ஆயிற்று. இப்போதும் வனமாமலை தன் கார்டைத் தேய்த்தால் முதலில் அந்தப் பல்தான் தெரிகிறது. தன் முகம் பிறகுதான் வருகிறது. பஸ்ஸில் அவன் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. கைக்குட்டை போடுவதைத் தான் நிறுத்தவே இல்லை என்பது ஒரு வாரம் கழித்துத்தான் அவனுக்கே உறைத்தது.

வியாழக்கிழமை அவனுக்கு வார ஓய்வு. மதியம், அவனும் இசக்கியும் தங்கியிருந்த இருங்காட்டுக்கோட்டை ரூமின் கதவில் பக்கத்து அறைக்காரன் சின்னப்பையன் எட்டிப் பார்த்தான். “இன்னா வனம், இசக்கி தங்கச்சி வந்துகீது. நீ இன்னும் லுங்கியோட பட்த்துகினு கீற?”

நாச்சியார் பிளஸ் டூ படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இயற்பியல் சந்தேகம் கேட்க அண்ணனுக்குப் போன் போடுவாள். இசக்கி அதை வனமாமலை கையில் திணிப்பான். “காலேஜைப் பாதியில விட்டவன், பாதி பதிலாவது சொல்லுவான்.”

அண்ணனின் பையை எடுத்துப் போகத்தான் வந்திருந்தாள். பையைத் தொடவில்லை. பாயில் உட்கார்ந்து நோட்டையும் ஒரு கைப்பட்டையையும் எடுத்து வைத்தாள்.

“நான் வாங்கிக் குடுத்த பட்டை. நாடித் துடிப்பு இதுல பதியும். கடைசித் துடிப்பு ரெண்டு பதிமூணு. ரெண்டு முப்பத்து நாலுக்கு வெளிய போனான்னு கம்பெனில சொல்லுதாவ. எது சரிண்ணே?”

“ரெண்டு கடிகாரம்னா ரெண்டு நேரம் காட்டும். நான் சொல்லியிருக்கேன்லா?” வனமாமலை சுவரைப் பார்த்துச் சொன்னான். “ஓடுத ரயில்ல இருக்கவனுக்கு முன்னால நடந்தது, பிளாட்பாரத்துல நிக்கவனுக்குப் பின்னால நடந்ததாத் தெரியும்.”

“சொன்னிய. பாதிதான் சொன்னிய.” பக்கத்தைத் திருப்பினாள். “முன்பின் மாறணும்னா, ஒண்ணு நடந்த இடத்துலேருந்து கிளம்புத ஒளி, அடுத்தது நடக்கதுக்குள்ள அங்க போய்ச் சேரக் கூடாது. அவ்வளவு தூரம் வேணும். உள்ளேருந்து கேட்டுக்கு எவ்வளவு தூரம்?”

“ரேக்குலேருந்து இருநூறு மீட்டர் இருக்கும்.”

அவள் ரேக்கைப் பற்றிக் கேட்கவே இல்லை. நோட்டில் முதலில் ‘ரேக்’ என்று எழுதினாள். பிறகுதான் இருநூறு.

“இருபத்தொரு நிமிஷத்துல ஒளி கிட்டத்தட்ட முப்பத்தெட்டு கோடி கிலோமீட்டர் போயிரும். சூரியன் இருக்க தூரத்தைப் போல ரெண்டரை மடங்கு. நீங்க இருநூறு மீட்டர்ங்கிய. எந்த வேகத்துல போற ராக்கெட்ல இருந்து பாத்தாலும் எங்கண்ணன் செத்தது முதல்ல, கார்டு பதிஞ்சது அடுத்தது. இடைவெளி நீளலாம். முன்பின் மாறாது.”

“பட்டை தப்பா ஓடியிருக்கும்.”

“ஒரு வாரமா போன் பக்கத்துல வச்சுப் பாத்தேன். ஒரு வினாடி பிசகல.”

கேட் கடிகாரம் தப்பு என்று சொல்ல வாயெடுத்தான். ஒரு நிமிடம் பிந்தினால் சம்பளத்தைப் பிடிக்கிற கடிகாரம் அது.

“அப்போ செத்தவன் எந்திரிச்சு வந்து கார்டு போட்டானா?” அவள் குரல் உயரவில்லை. “ரோட்டுல நாதியத்துக் கெடந்தானான்னு எங்கம்மா கேட்டுக்கிட்டே இருக்கா. எனக்குப் பதில் வேணும்.”

கம்பெனி அந்தக் கார்டைத் தேடிக்கொண்டிருந்தது. பத்து நாளாக அது வனமாமலையின் சட்டைப் பையில் இருந்தது. எடுத்துப் பாயில் வைத்தான்.

“நான்தான் தேய்ச்சேன். நெஞ்சு எரியுதுன்னான். என்னன்னு போய்ப் பாக்கல. சீட்டுப் பிடிக்க ஓடிட்டேன்.”

நாச்சியார் அழவில்லை. நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து அவன் முன் தள்ளினாள்.

“எழுதிக் குடுங்க. சித்தப்பா கீழ நிக்காவ. இப்பவே கம்பெனிக்குப் போவோம்.”

“என் வேலை போயிரும் நாச்சியாரு.”

“போகும்.”

பேனாவை வாங்கினான். ‘2:34 மணிக்கு’ என்று தொடங்கினான். அவள் விரல் வந்து அந்த எண்ணின் மேல் நின்றது.

“அடிங்கண்ணே. ரெண்டு பதிமூணுதான் முதல்ல.”

கார்டில் இசக்கி பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். அதைக் கவிழ்த்து வைக்கக் கை வரவில்லை. வனமாமலை எழுதியதை அடித்துவிட்டு, மேலே 2:13 என்று எழுதினான்.