அலறல் கடைசியில்தான்

எங்கள் டப்பிங் ஸ்டூடியோவில் மேனேஜர் நாற்காலி காலியானபோது, அது எனக்குத்தான் என்று வாட்ச்மேன் தங்கவேல் உட்பட எல்லாருக்கும் தெரியும். தெரியாதவர் ஒருவர்தான், முதலாளி சுப்பராமன். தேனாம்பேட்டையில் அந்த மூன்று ரெக்கார்டிங் அறைகளையும் பதினாறு வருஷமாக நான்தான் ஓட்டுகிறேன். எந்தக் குரலை எப்போது கூப்பிடுவது, யாருக்கு யாரோடு ஆகாது, எல்லாம் என் விரல் நுனியில். ஆனால் பெயருக்குப் பக்கத்தில் கோஆர்டினேட்டர் என்றுதான் போட்டிருக்கும்.

“ஓடிடி கம்பெனிக்காராள்லாம் இப்போ புராஜெக்ட் மேனேஜ்மெண்ட் சர்ட்டிபிகேட் இருக்கான்னு கேக்கறா, சுலோச்சனா. நீ அத முடிச்சுண்டு வா, இந்த சீட்டு உனக்குத்தான்” என்றார்.

நம்பினேன். புத்தி கெட்டுப்போய் நம்பினேன். எட்டு மாதம், ஒரு ஞாயிறு விடாமல், தி.நகரில் ஜவுளிக்கடை மாடியில் வகுப்பு. சுற்றிலும் ஐ.டி. பிள்ளைகள். பரீட்சையில் முதல் தடவை கோட்டை விட்டேன், இரண்டாம் தடவை தேறினேன். வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்தத் தடிப் புத்தகத்தில் எனக்குப் புதிதாகப் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. நான் இத்தனை வருஷமும் செய்துகொண்டிருந்த வேலைக்கெல்லாம் அதில் இங்கிலீஷில் பெயர் வைத்திருந்தார்கள்.

சர்ட்டிபிகேட்டைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். நன்னாருக்கு என்றார். பிறகு, ஸ்ரீவத்சனை மேனேஜராகப் போட்டாச்சு என்றார். ஸ்ரீவத்சன் விளம்பரப் படக் கம்பெனியிலிருந்து புதிதாக வந்தவன். அவனிடம் ஒரு சர்ட்டிபிகேட்டும் கிடையாது.

“இதெல்லாம் பேப்பர் படிப்பும்மா. கலைன்னா உள்ளுணர்வு வேணும். அது அவன்கிட்ட இருக்கு.”

அனுபவத்தோடு நின்றபோது காகிதம் கேட்டார். காகிதத்தோடு வந்தால் உள்ளுணர்வு கேட்கிறார். சர்ட்டிபிகேட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

அடுத்த வாரமே ஒரு கொரியத் தொடர் வந்தது. நாயகிக்கு ராயப்பேட்டை ஜஹீதா குரல் கொடுக்கிறாள். ஸ்ரீவத்சன் போட்ட பட்டியலில் காலை முதல் வேலையே, மகனின் பிணத்தைப் பார்த்து நாயகி அலறும் காட்சி. கஷ்டமானதை முதலில் முடித்துவிடலாம் என்று அவனுக்கு நினைப்பு. டப்பிங்கில் நாலு நாள் இருந்தவர்கள்கூடச் செய்யாத காரியம். அலறிக் கிழிந்த தொண்டையில் அன்றைக்கு அப்புறம் கொஞ்சல் வராது. இரண்டு எபிசோடை அன்று ராத்திரிக்குள் அனுப்பியாக வேண்டும்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பத்து மணிக்கெல்லாம் அவன் சாயம் வெளுத்திருக்கும். இருக்கத்தான் நினைத்தேன். ஜஹீதா மைக் முன்னால் வெந்நீர் டம்ளரோடு நின்று என்னைப் பார்த்தாள்.

“இன்னாக்கா, இதா ஃபர்ஸ்ட்டு?”

போகப்போவது அவன் மானம் மட்டுமல்ல, அவள் தொண்டை. அவள் வீட்டில் உலை கொதிப்பது அதை வைத்துத்தான். ஸ்ரீவத்சன் வெளியே போனில் பேசிக்கொண்டிருந்தான். நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பட்டியலின் வரிசையை மாற்றினேன். சிரிப்பும் காதலும் காலையில், அலறல் மாலை ஆறுக்கு. வேலை சொன்னபடி முடிந்தது.

மறுநாள் காலை சுப்பராமன் சார் எங்கள் எல்லாரையும் கூப்பிட்டு, ஓடிடி கம்பெனியிலிருந்து பாராட்டு வந்திருப்பதாகச் சொன்னார். ஸ்ரீவத்சன் தோளில் கை போட்டார்.

“பாத்தேளா? எந்த சீன எப்போ வெக்கணும்னு இவனுக்குத் தெரிஞ்சிருக்கு. இதைத்தான் உள்ளுணர்வுன்னேன்.”

பட்டியல் மாறிய விஷயம் ஸ்ரீவத்சனுக்கு அதற்குள் தெரிந்திருந்தது. என்னைப் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டான்.

“அந்த லிஸ்ட்ட மாத்தனது நானு சார். கம்ப்யூட்டர்ல கீது, பாத்துக்கோங்க” என்றேன்.

அவர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பவே இல்லை. சிரித்தார். “டீம்னா அப்படித்தாம்மா. யார் செஞ்சா என்ன?”

“அப்ப மேனேஜர் சீட்ல யாரு ஒக்காந்தா இன்னா சார்?”

அவர் சிரிப்பு நின்றது. மதியமே ராஜினாமாவை எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். சைதாப்பேட்டையில் பஸ்ஸைவிட்டு இறங்குவதற்குள் ஸ்ரீவத்சன் நான்கு முறை கூப்பிட்டுவிட்டான், நாளைய பட்டியலுக்காக. எடுக்கவில்லை. ஜஹீதாவை மட்டும் கூப்பிட்டு, இனிமேல் யார் சொன்னாலும் காலையில் அலறாதே என்று சொல்லிவைத்தேன்.