என் பெயரில் அவன் ரத்தம்

நான் கிரேன் ஓட்டுகிறவன். இருபது மாடி உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து கம்பியும் கான்கிரீட்டும் தூக்கிப் போடுவது என் பிழைப்பு. வருடத்துக்கு ஒரு முறை உடம்பைக் காட்டி, 'தகுதி' என்று முத்திரை வாங்கினால்தான் ஏணியில் கால் வைக்க விடுவார்கள். சர்க்கரை ஏறியவனுக்கு முத்திரை கிடையாது. கீழே இறக்கி, கையில் ஒரு கொடியைக் கொடுத்து லாரிக்கு வழி காட்டச் சொல்லிவிடுவார்கள். மேலே ராஜா மாதிரி இருந்தவனுக்கு அது செருப்படி இல்லையா?

நாலு வருடத்துக்கு முன்னால் பக்கத்து வீட்டுக்காரரின் சர்க்கரை மிஷினில் விளையாட்டாக விரலை நீட்டினேன். இருநூற்று எண்பது காட்டியது. மனைவியிடம் மூச்சுவிடவில்லை. அவள் தம்பியிடம் மட்டும் சொன்னேன். மச்சினன் டைல்ஸ் ஒட்டுகிறவன். அப்போது அவனுக்கு நாற்பது. ஒரு தும்மல்கூடப் போட்டுப் பார்த்ததில்லை. "என் ரத்தம் சும்மாதானே ஓடுது, எடுத்துக்கோங்க மாமா" என்று சிரித்தான்.

பிரஷரும் கண்ணும் சைட் ஆபீசிலேயே பார்ப்பார்கள். அதற்கு நான் போய் நிற்பேன். ரத்தம் எடுப்பது மட்டும் தெருமுனை லேபில். அங்கே கையில் இருக்கும் சீட்டைப் பார்ப்பார்களே தவிர முகத்தைப் பார்க்க மாட்டார்கள். என் சீட்டோடு அவன் போவான், என் பெயரைச் சொல்வான், கையை நீட்டுவான். வருடா வருடம் முத்திரை விழுந்தது. இரண்டு பேரும் அதைப் பெரிய சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

போன வருடம் கம்பெனிக்காரர்கள் ஐம்பது தாண்டிய ஆண்களுக்குக் கூடுதலாக ஒரு சோதனை சேர்த்தார்கள். புராஸ்டேட் சுரப்பிக்கு, அதே ரத்தத்தில். எனக்கு ஐம்பத்திரண்டு, அதனால் என் சீட்டிலும் அது இருந்தது. முத்திரை விழுந்த பிறகு தனியாக ஒரு கடிதம் வந்தது. அந்த அளவு கொஞ்சம் கூடியிருக்கிறது, வேலைக்குத் தடையில்லை, ஆனால் டாக்டரை வந்து பார்க்கவும் என்று எழுதியிருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்து படித்தேன். கிழித்து ஜன்னல் வழியாகப் போட்டேன்.

இந்த வருடம் கடிதம் வரவில்லை. நேரிலேயே சொன்னார்கள். பாதி வேலையில் என்னைக் கீழே இறங்கச் சொல்லி, சைட் ஆபீஸ் அம்மா நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் புராஸ்டேட் அளவு எகிறியிருக்கிறது என்று லேபிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்களாம். நாளைக்கே பெரிய டாக்டரைப் பார்க்க வேண்டுமாம். தைரியமாக இருக்கச் சொன்னார். அடுத்தவன் வியாதிக்கு எனக்கு ஆறுதல்.

அங்கிருந்து நேராக அவன் வேலை செய்யும் வீட்டுக்குப் போனேன். ஒரு குளியலறையில் முட்டி போட்டு ரசமட்டம் வைத்துத் தரை சமமா என்று பார்த்துக்கொண்டிருந்தான். சொன்னேன். கொஞ்ச நேரம் ஒரே டைல்ஸைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தான். பிறகு, லேபில் குழாய் மாறியிருக்கும் என்றான். ஆஸ்பத்திரி வாசலை மிதித்தால் இல்லாத வியாதியையும் கிளப்பிவிடுவார்கள் என்றான். தான் வந்தால் என் வேலை போய்விடும் என்றான். என் வேலைக்காக அழுகிறான் பைத்தியக்காரன்! ஒரு வருடமாகச் சாப்பாட்டின் நடுவில் இரண்டு தடவை எழுந்து ஒன்றுக்குப் போகிறான். 'டேங்க் ஓட்டையாடா' என்று நான்தான் கேலி செய்து சிரிப்பேன். அதை நினைத்ததும் எனக்கு வந்த கோபம் அவன் மேலா என் மேலா தெரியவில்லை. அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். வேலை மண்ணாகப் போகட்டும், நாளைக்கு நீ வருகிறாய் என்று கத்தினேன்.

மறுநாள் டாக்டருக்கு முன்னால் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். ஒன்றுவிடாமல் ஒப்புக்கொண்டேன். திட்டுவார் என்று பார்த்தேன், திட்டவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. இரண்டு வருடத்து அறிக்கையையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். போன வருடம் ஆறு. இந்த வருடம் பத்தொன்பது. நாலுக்குள் இருக்க வேண்டுமாம்.

இது புற்றுக்கட்டிதான் என்று இப்போது சொல்ல முடியாது, ஸ்கேன் எடுக்க வேண்டும், துளி சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். அவன் வயதுக்கு யாரும் இந்தச் சோதனையை எழுதியிருக்க மாட்டார்கள், என் சீட்டில் போனதால்தான் தெரிந்தது என்றும் சொன்னார். மச்சினன் என் முழங்கையைத் தட்டி, பார்த்தீர்களா என்பது போலச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்து என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும்.

"ஆறு வந்தப்பவே கூப்பிட்டு லெட்டர் போட்டதா இதுல இருக்கே. வரலையா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"தபால்ல தொலைஞ்சிருக்கும் சார். மாமா கைக்கு வந்திருந்தா என்னைத் தூக்கிக்கிட்டே வந்திருப்பாரு."

ஆமாம் என்று தலையாட்டியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அவன் முகத்தில் சந்தேகத்தின் சாயல்கூட இல்லை, அதைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல என்னால் முடியவில்லை.

"வந்துச்சு" என்றேன். "படிச்சேன். கிழிச்சுப் போட்டுட்டேன்."

அவன் என் பக்கம் திரும்பினான்.

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா நீ வைத்தியம் பாக்கப் போயிடுவ. அப்புறம் எனக்கு யார் ரத்தம் குடுப்பாங்கன்னு பயந்துட்டேன்டா."

டாக்டர் காகிதத்தில் எதையோ எழுதத் தொடங்கினார். மச்சினன் தன் கையில் ஊசி குத்தும் இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தான். பிறகு டாக்டரிடம், ஸ்கேன் எந்த மாடியில் என்று கேட்டு எழுந்தான். நானும் எழுந்தேன்.

"நீங்க வர வேண்டாம்" என்றான், என்னைப் பார்க்காமல். "அக்காவை வரச் சொல்லுங்க."